அம்மாவின் வலது கண்ணுக்காக ஒரு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கண்ணில் டியூப் வைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நேற்று பார்த்ததில் கண் பிரஷர் 13. ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று வகைச் சொட்டு மருந்து விட்டும் 34-ஐ விட்டு இறங்கவே இல்லை (21-க்குள் இருப்பதுதான் சாதாரணம்). இடது கண்ணை கிளாகோமா (கண் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது, இருப்பது இந்த ஒன்றுதான்.

டாக்டரம்மா, முதலில் நீங்கள் செய்த டிராபெகுலெக்டமி ஆபரேஷன் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற மேல் இமைக்கு அடியில் போட்ட அந்த வழி தழும்பு கட்டி அடைந்துவிட்டது என்றதும் அம்மா அழுதுவிட்டார். நீங்கள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கண்ணை வரைந்து, இனி அந்த நீரை வடிக்கப்போகும் டியூப் எங்கே நுழையும், அதன் மறுமுனையில் உள்ள தகடு எங்கே உட்காரும், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இது என்று மறைக்காமல் சொன்னீர்கள். அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. வெளிநாட்டு டியூபின் விலையைக் கேட்டு மலைத்திருந்த எங்களுக்கு, மதுரை ஆரோலேப் நிறுவனத்தில் அதைப் போன்ற ஒன்றைக் குறைந்த விலையில் செய்து தருகிறவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சிஸ்டர், ஆபரேஷன் முடிந்தும் பிரஷர் குறையவில்லையே என்று நான் எத்தனை தடவை போன் செய்தேன்! டியூபை நூலால் கட்டியிருக்கிறார்கள், தகட்டைச் சுற்றிச் சதை பிடிப்பதற்குள் திறந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடும், நூல் தானாகக் கரைய ஐந்தாறு வாரம் ஆகும் என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னீர்கள். ஆறாவது வாரம் அப்படியே நடந்தது.

எதிர்வீட்டு அக்கா, அம்மா குனியக் கூடாது என்று கேட்ட மறுநாளே, நாங்கள் கேட்காமலே, எங்கள் வாசலிலும் கோலம் போட ஆரம்பித்தீர்கள். அத்தனை வாரமும் ஒரு நாள் விடவில்லை.

அப்புறம், யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்துக்கு. டியூப் அரித்துக்கொண்டு வெளியே வராமல் இருக்க அதன்மேல் தைத்த வெள்ளைவிழித் துண்டு, தானமாக வந்த ஒரு கண்ணிலிருந்து எடுத்தது. வீட்டில் சாவு விழுந்து சில மணி நேரத்துக்குள், அந்த அழுகைக்கு நடுவில், கண் வங்கிக்குச் சொல்ல உங்களில் யாருக்கோ மனம் வந்திருக்கிறது. அம்மா கீழே பார்க்கும்போது மேல் இமையைத் தூக்கினால் அந்த இடம் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். சொட்டு விடும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்.