அட்ரஸைக் கேட்டதும் ஏறும் பிரஷர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தக் கொதிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறைக்கணும், தினமும் நடக்கணும், கருவாடு, ஊறுகாய் பக்கம் போகக்கூடாது. எல்லாம் சரி. (காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கருவாட்டை விடுவது வேறு கதை.) வடசென்னை வியாசர்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு அதில் ஒரு விஷயம் விட்டுப்போனதாகப் பட்டது: ஊரையும் சாதியையும் வைத்து மட்டமாக நடத்தினால் அதுவும் பிரஷரை ஏற்றும்.

முப்பது வயதுகூட ஆகாத பையன்கள் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரைச் சீட்டோடு கடைக்கு வருகிறார்கள். ஒருவர் பி.காம். முடித்தவர். பயோடேட்டாவில் வியாசர்பாடி என்று இருந்தால் இன்டர்வியூவில் முகம் மாறுகிறது என்று 'பெரம்பூர்' என்று போட்டார், வேலை கிடைத்தது. இப்போது ஆபீஸ் நண்பர் வண்டியில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னால் பெரம்பூர் ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்கிறார். பைக் லோன் கேட்டால் 'நெகட்டிவ் ஏரியா' என்று திருப்பிவிடுகிறார்கள். ஊரைக் கேட்கும் சாக்கில் சாதியைக் கேட்பவர்களும் உண்டு. அது நமக்குப் புரியாமல் இல்லை.

மனசு கஷ்டப்பட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்கலாம். அவமானப்படும்போது அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன, நெஞ்சு படபடக்கிறது, பிரஷர் ஏறுகிறது. எப்போதாவது என்றால் தானாக இறங்கிவிடும். இன்றைக்கு யார் என்ன சொல்வார்களோ என்று தினமும் எதிர்பார்த்தே இருந்தால் தூக்கம் கெடும், ராத்திரி இறங்க வேண்டிய பிரஷர் சரியாக இறங்காது, சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. அமெரிக்காவில் டேவிட் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1997ல் வெளியிட்ட ஆய்வுக்காக டெட்ராய்ட் வட்டாரத்து மக்களிடம் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார்கள். கடையில் மற்றவர்களைவிட உங்களை மட்டமாகக் கவனிக்கிறார்களா? உங்களைப் பார்த்துப் பயப்படுவதுபோல் நடந்துகொள்கிறார்களா? நேர்மையில்லாதவர் என்று நினைக்கிறார்களா? அங்கே கறுப்பர்கள் படும் பாட்டை அளக்க வந்த கேள்விகள். எங்கள் பக்கத்துப் புளியந்தோப்பில் ஒரு வார்த்தை மாற்றாமல் கேட்கலாம்.

இன்னொரு பாதிப்பை என் கடை வாசலிலேயே பார்க்கிறேன். தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவருக்குக் காலில் சர்க்கரைப் புண். ஆஸ்பத்திரி ஒன்றில் எல்லார் முன்னாலும் "தள்ளி நில்லு" என்றார்களாம், டாக்டர் புண்ணைத் தொட்டுப் பார்க்காமலே சீட்டு எழுதினாராம். அதோடு அவர் ரிவ்யூவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். "நீயே ஒரு ஆயின்ட்மென்ட் குடு தம்பி, அங்க போய் நிக்க முடியாது" என்றார். சண்டை போட்டு வேறு இடத்துக்கு அனுப்புவதற்குள் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. இப்படிப்பட்டவர்களைத்தான் 'ஒழுங்காக சிகிச்சைக்கு வருவதில்லை' என்று சொல்லிவிடுகிறோம்.

எல்லா நோய்க்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. மணலி ஆலைப் புகை இருக்கிறது, கொடுங்கையூர் குப்பைமேடு இருக்கிறது. அவற்றை யார் வீட்டுப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்டால் அதுவும் இங்கேதான் வந்து நிற்கும்.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், நல்ல விஷயம். மாத்திரை போட்டீங்களா என்று கேட்கும்போதே, வேலை செய்கிற இடத்தில், ஆஸ்பத்திரியில் எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடையாறில் கொலை நடந்தால் குற்றவாளியின் பெயரைத் தலைப்பில் போடுகிறீர்கள். எங்கள் பக்கம் நடந்தால் 'வடசென்னை ரவுடி' என்று போடுகிறீர்கள். அதை நிறுத்துங்கள்.

– மருந்துக்கடைக்காரர்,
வியாசர்பாடி, சென்னை 39.