தரங்கம்பாடியும் பகுத்தறிவுவாதமும்: திருச்சபை வரலாற்றுப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இறையியல் கல்லூரிகளில் திருச்சபை வரலாற்றுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் பகுத்தறிவுவாதம் (சமயத்தையும் அறிவைக்கொண்டே சோதிக்க வேண்டும் என்ற கொள்கை) பரவியதால் தரங்கம்பாடி மிஷன் அழிந்தது என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் நகரமான ஹாலேயிலிருந்து மிஷனெரிகள் வருவது குறைந்தது, மெய்தான். ஆனால் 1806இல் நெப்போலியன் ஹாலே பல்கலைக்கழகத்தையே மூடினார். 1808இல் டென்மார்க் வசமிருந்த தரங்கம்பாடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. டென்மார்க்கிலிருந்து வந்த பணம் நின்றது. 1813இல் டென்மார்க் அரசு திவாலானது. இவற்றை விட்டுவிட்டுக் கொள்கையின் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் 1708இலேயே தரங்கம்பாடியின் முதல் மிஷனெரிகளில் ஒருவரான சீகன்பால்கு ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார். அச்சேறவில்லை. தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதியதையும் ஹாலேயிலிருந்து மிஷனை வழிநடத்திய பிராங்கே அச்சிட மறுத்தார். 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. அதே ஹாலேயில், சீன ஞானி கன்பூசியஸைக் காட்டி, இறைவெளிப்பாடு இல்லாமலும் மனிதன் அறவழியை அறியலாம் என்று 1721இல் பகுத்தறிவுவாதத் தத்துவப் பேராசிரியர் வொல்ஃப் உரையாற்றினார். பிராங்கே தரப்பு கொதித்தது. 48 மணி நேரத்தில் நாட்டைவிட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று 1723இல் வொல்ஃபுக்குப் பிரஷ்ய அரசாணை வந்தது. 1740இல் புதிய அரசர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அதன்பின் காற்று மாறியது. 1803இல் தரங்கம்பாடி மிஷனெரி கேமரர் மொழிபெயர்த்த குறள் நூரம்பர்கில் ஜெர்மனில் அச்சானது. சக மிஷனெரி ஜான் கடற்கரையில் சேகரித்து அனுப்பிய மீன்களை பெர்லினில் மீனியல் அறிஞர் ப்ளாக் ஆராய்ந்தார். நம் கத்தாளை மீன்களின் ஒரு பேரினம் இன்றும் 'ஜோனியஸ்' என்றே ஜான் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீகன்பால்குவின் ஏடுகளுக்கு மூடிக்கிடந்த கதவைத் திறந்ததில் பகுத்தறிவுவாதத்துக்குப் பங்கு உண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

தரங்கம்பாடிப் பாடத்துக்கு முன் இரண்டு வகுப்புகள் ஒதுக்குங்கள். முதலாவது வொல்ஃபுக்கு. அடுத்தது ஹாலே இறையியலாளர் செம்லருக்கும் ஹாம்பர்க் அறிஞர் ரைமாரஸுக்கும். இவர்கள் இருவரையும் 'அவிசுவாசிகள்' என்று ஒரே பெட்டியில் அடைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. திருமறையில் (பைபிளில்) எந்த நூல்கள் இடம்பெறும் என்ற தொகுப்பு வரலாற்றுப் போக்கில் உருவானது என்றார் செம்லர். உயிர்த்தெழுதலை மறுத்த ரைமாரஸின் எழுத்துப் பகுதிகளை ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் வெளியிட்டபோது, 1779இல் எதிர்த்து மறுப்பு எழுதியவரும் அதே செம்லர்தான்.

தேர்வில், 'பகுத்தறிவுவாதத்தால் விளைந்த தீமைகள் யாவை?' என்று கேட்காதீர்கள். 1708க்கும் 1803க்கும் இடையில் ஹாலேயில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்