எக்கோ எடுத்துத் திரும்பிய பஸ்ஸில் எண்ணிப் பார்த்த நன்றி

போன வாரம் சேலத்தில் மகளுக்கு இந்த வருஷத்து எக்கோ, அதாவது இதய ஸ்கேன், முடிந்தது. திரும்பும்போது யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே எண்ணத் தொடங்கினேன். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்துவிட்டன, ஆட்கள் முடியவில்லை.

முதலில் அங்கன்வாடிக்கு வேனில் வந்த டாக்டரம்மா. நாலு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர், மறுபடியும் கேட்டார். அப்புறம் எனக்கு ஆள் அனுப்பினார். அதற்கு முன் காட்டிய இடத்தில் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் இருக்கிற வால்வு பிறவியிலேயே சரியாகத் திறக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டில், சென்னையில், தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் செலுத்தி விரித்தார்கள். அந்தக் காப்பீட்டு அட்டைக்காக அலைந்தவர் எஸ்டேட் ரைட்டர் அண்ணன்.

பலூன் வைத்தாயிற்று, இனி என்ன என்றுதான் நினைத்திருந்தோம். அந்த நினைப்பை மாற்றியவர் சேலத்தில் எக்கோ எடுக்கும் டாக்டர் மேடம். முதல் ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 65 சதவீதம்' என்று பார்த்து, "நூற்றுக்கு 65 தானா?" என்று என் வீட்டுக்காரர் வாடிப்போனார். மேடம் சிரித்துவிட்டார். இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்பதுதான் அந்தக் கணக்காம். 65 நல்ல அளவு, 100 யாருக்குமே வராது. "ஆனால் பாப்பாவுக்குப் பாடுபட்டது நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் வலது அறை. நான் அதைத்தான் பார்க்கிறேன்" என்றார்.

ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் இல்லையா, குறுகிய வால்விலும் அப்படித்தான். எக்கோவில் தெரியும் ரத்தத்தின் வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நாலால் பெருக்கினால் வால்வின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், பி.பி. பார்க்கும் அதே அளவில், வரும். பலூனுக்கு முன் நொடிக்கு நாலரை மீட்டர், அதாவது 81. இப்போது 2 மீட்டர், 16 தான். தடித்திருந்த வலது அறைச் சுவரும் இளைத்து வருகிறது. விரித்த வால்வில் லேசான கசிவு உண்டு. அது கூடினால் வலது அறை பெரிதாகும், அதைக் கவனிக்கத்தான் வருஷா வருஷம் வரச் சொல்கிறார்கள்.

முதல் தடவை இவள் ஒரே அழுகை. அழும்போது எடுத்தால் வேகம் கூடிக் காட்டும் என்று மேடம் ஒரு மணி நேரம் காத்திருந்தார். தோளில் போட்டுத் தூங்கவைத்த வார்டு ஆயாம்மாவை எந்த ரிப்போர்ட்டிலும் எழுதமாட்டார்கள். நான் எழுதுகிறேன்.

கடைசியாக, காலை பஸ் கண்டக்டர் அண்ணன். வளைவு வந்தாலே இவளுக்கு வாந்தி. ஒவ்வொரு தடவையும் முன் ஜன்னல் சீட்டும் ஒரு கவரும் தயாராக இருக்கும். அடுத்த எக்கோ கோடை விழா சமயத்தில் வருகிறது, கூட்டம் நெரியும். கவரை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம் அண்ணா, சீட்டை மட்டும் பிடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அம்மா, நாகலூர்ப் பக்கம், ஏற்காடு