தம் கோலுக்குத் தாமே அஞ்சியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவஹர்லால் நேருவைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1937 நவம்பரில், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘மாடர்ன் ரிவியூ’ இதழில், ‘சாணக்கியர்’ என்ற புனைபெயருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் தம்மைத் தாமே கடிந்து எழுதியதைக் கட்டுரையாளர் ஒரு பெரிய மனிதரின் சுவையான குறும்பு என்பதுபோல நான்கு வரிகளில் சொல்லிக் கடந்துவிட்டார். என் வாசிப்பில் அந்தப் பக்கங்கள் முழுவதும் அச்சம் நிறைந்திருக்கிறது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

அக்காலத்தில் காங்கிரஸ் தலைவரை ‘ராஷ்டிரபதி’ என்று அழைப்பது வழக்கம். ‘சாணக்கியர்’ எழுதிய கட்டுரையின் தலைப்பும் அதுதான். நேரு 1936-இல் லக்னோவிலும், அந்த ஆண்டின் இறுதியில் பைஸ்பூரிலும் அடுத்தடுத்துத் தலைமை ஏற்று, மாகாணத் தேர்தலுக்காக நாடெங்கும் சுற்றி வந்திருந்தார். மீண்டும் அவரே தலைவராகக் கூடும் என்ற நிலையில்தான் ‘சாணக்கியர்’ எழுதுகிறார். வாழ்த்தொலிக்கு நடுவே விரைந்து செல்லும் தலைவர் கைகூப்புகிறார்; முகம் மலர்கிறது; கூட்டமும் மலர்கிறது. சற்று நேரத்தில் அந்தப் புன்னகை மறைந்து முகம் இறுகிவிடுகிறது. காரின் இருக்கைமீது ஏறி, தடுமாறாமல், ஒரு தெய்வத்தைப்போல நிமிர்ந்து நிற்கும் அவரைக் காட்டிவிட்டு, இதெல்லாம் இயல்பாக வருகிறதா, பொதுவாழ்வில் தேர்ந்த ஒருவர் யோசித்துச் செய்யும் தந்திரமா என்று கேட்கிறார். அளவற்ற மக்கள் செல்வாக்கு, மன உறுதி, செருக்கு, மக்களை நேசித்தாலும் பிறரைப் பொறுத்துக்கொள்ளாத குணம், திறமை குறைந்தவர்கள்மீது ஓர் இளக்காரம் என்று சர்வாதிகாரி ஒருவருக்கு வேண்டிய எல்லாமே இந்த மனிதரிடம் இருப்பதாக எண்ணிச் சொல்கிறார். பாசிசத்தின் முரட்டுத்தனம் இவருக்கு ஒவ்வாது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சிறிய ஒரு திருகல் போதும், மெதுவாக நடைபோடும் ஜனநாயகத்தை ஒதுக்கித் தள்ளிவிடுவார் என்கிறார். நமக்குச் சீசர்கள், அதாவது சர்வாதிகாரிகள், வேண்டாம், மீண்டும் இவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று முடிக்கிறார்.

இதை எழுதியவர் சீசர்களின் காலத்தில் வாழ்ந்தவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1936 மார்ச்சில், ஐரோப்பாவில் இறந்துபோன மனைவி கமலாவின் அஸ்தியுடன் ரோம் வழியாக நாடு திரும்பியபோது, இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி தம்மைச் சந்திக்க விரும்பியும் பிடிவாதமாக மறுத்துவிட்டு விமானம் ஏறியவர் அவர். ஒரு பால்கனியும் கீழே ஒரு கூட்டமும் சேர்ந்து மனிதனை என்ன செய்யும் என்பதை அறிந்தவருக்குத் தம்முடைய கூட்டங்களில் எழுந்த ஆரவாரம் வேறுவிதமாகக் கேட்டிருக்க வேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ஓர் ஆண்டு இக்கட்டுரையை இரண்டு இரவுகள் உட்கார்ந்து தமிழில் எழுதி, எழுதியவர் பெயரைச் சொல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பில் வாசித்தேன். “நேருவுக்கு வேண்டாதவங்க யாரோ எழுதியிருக்காங்க டீச்சர்” என்றான் ஒரு மாணவன். “கூடவே இருந்து பார்த்தவங்களாலதான் இப்படி எழுத முடியும்” என்றான் இன்னொருவன். உண்மையைச் சொன்னதும் வகுப்பு அடங்கிப்போயிற்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி மட்டும், “அப்போ அவரைப் பார்த்து அவருக்கே பயமா டீச்சர்?” என்று கேட்டாள். எந்தப் பாடநூலும் அந்தக் கேள்விக்கு அருகில்கூட வந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு அன்று நான் சொன்ன பதில் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலிருந்து வந்தது. பாண்டியன் உயிர் நீத்த செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், மழை பொய்த்தாலும் அச்சம், உயிர்களுக்குத் தீங்கு நேர்ந்தாலும் அச்சம், கொடுங்கோலுக்கு அஞ்சியபடியே குடிகளைக் காக்கும் குலத்தில் பிறப்பது துன்பமேயன்றித் தொழத்தக்கது அன்று என்கிறான். பகைவனின் வேலுக்கு அஞ்சுவதை இழுக்கென்று கருதும் நம் மரபு, தன் கோல் கோணிவிடுமோ என்று அஞ்சுவதை அரசனுக்கு அழகென்றே வைத்திருக்கிறது. அச்சம் உள்ளவன்தான் நல்லரசன் என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அது பாதிப் பதில் என்று பிறகுதான் எனக்குப் பட்டது.

ஏனென்றால், அஞ்சிய அந்த மனிதரே பத்து ஆண்டுகளுக்குள் பிரதமரானார். 1964 மே மாதம் இறக்கும்வரை பதவியில் இருந்தார். 1951-இல் முதல் அரசியல் சட்டத் திருத்தம் பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகள் இட்டது. 1953-இல் அவருடைய நண்பரும் காஷ்மீர் அரசின் தலைவருமான ஷேக் அப்துல்லா பதவி நீக்கப்பட்டுச் சிறை சென்றார். 1959 ஜூலை இறுதியில், மக்கள் தேர்ந்தெடுத்த கேரள அரசு கலைக்கப்பட்டது. நேருவின்மீது எனக்குள்ள மதிப்பு இவற்றால் குறைந்துவிடவில்லை. ஆனால் 1937-இன் ‘சாணக்கியர்’ உயிரோடு இருந்திருந்தால் இம்மூன்று ஆண்டுகளிலும் பேனாவை எடுத்திருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். பிரதமருக்குப் புனைபெயர் வாய்க்காது போலும்.

என்னை மிகவும் வருத்துவது 1958-ஆம் ஆண்டுதான். அந்த ஏப்ரல் இறுதியில், களைத்துவிட்டேன், மனம் சலித்துவிட்டது, சிறிது காலம் பொறுப்பிலிருந்து விலகித் தனி மனிதனாக இருந்து பார்க்க வேண்டும் என்று நேரு தம் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனம் திறந்தார். கெஞ்சலும் கலக்கமும் எழுந்தன. நீங்கள் இல்லாவிட்டால் நாடு என்னாகும் என்றார்கள். சில நாட்களிலேயே அவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன், ‘இவரை விட்டுவிடுங்கள்’ என்று மறைந்திருந்து எழுதியவர், இம்முறை நேரில் நின்று கேட்டும் பயனில்லாமல் போயிற்று. அவரைச் சுற்றி நின்றவர்கள் அனைவரும் அவர்மீது உண்மையான அன்பு கொண்டவர்கள். அந்த அன்புதான் அவருடைய அச்சத்தை அவரிடமிருந்து பறித்தது.

இதை நான் வெறும் ஏட்டறிவால் சொல்லவில்லை. சில ஆண்டுகள் தலைமையாசிரியையாகவும் இருந்தேன். ஒருமுறை அரையாண்டுத் தேர்வுக்கான கால அட்டவணையை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தேன். ஒரே முற்பகலில் ஒரே வகுப்புக்கு இரண்டு தேர்வுகள் என்று எழுதியிருந்தேன். பதினான்கு பேரும் தலையாட்டினார்கள். சிலர் குறித்தும் கொண்டார்கள். மறுநாள் அலுவலக உதவியாளர் அம்மாதான், “டீச்சர், பிள்ளைங்க ரெண்டையும் எப்படி எழுதும்?” என்று கேட்டார். என்னிடம் யாருக்கும் பயம் இருந்ததாக நான் எண்ணவில்லை, நன்றாகவே பழகினோம். அந்தப் பதினான்கு தலைகளும் ஒன்றாக அசைந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஒரு சிறிய பள்ளியில் இப்படியென்றால் ஒரு நாட்டில் எப்படியிருக்கும்?

1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், எவ்வளவு பெரிய மனிதராயினும் தங்கள் சுதந்திரத்தை அவருடைய காலடியில் மக்கள் வைத்துவிடக் கூடாது என்றும், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே வழிகாட்டும் என்றும் எச்சரித்தார். நேரு தமக்குள் அஞ்சியதை அவர் சபை நடுவில் மக்களிடம் சொன்னார். அந்த எச்சரிக்கை வேலை செய்த இடமும் உண்டு: ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகளை வாங்கிய விவகாரத்தை 1957 டிசம்பரில் மக்களவையில் எழுப்பியவர் நேருவின் மருமகனும் அவருடைய கட்சிக்காரருமான பெரோஸ் காந்தி, நீதிபதி சாக்ளா வெளிப்படையாக விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அப்படிக் கேட்கும் ஒருவர் பக்கத்து இருக்கையில் இருந்தவரைக்கும் நேருவின் அச்சத்துக்குத் துணை இருந்தது. அந்த மாணவிக்கு நான் சொல்லாமல் விட்ட மறுபாதி இதுதான். அவள் இன்று எங்கே இருக்கிறாளோ, தெரியவில்லை. தங்கள் இதழைப் படிப்பவளாக இருந்தால் இக்கடிதம் அவளுக்கும் சேர்த்துத்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ராஷ்டிரபதி’ கட்டுரையை நல்ல தமிழில் முழுமையாக வெளியிடுங்கள். எழுதியவர் பெயரை அந்த இதழில் போடாமல், அடுத்த இதழில் தெரிவியுங்கள். இடைப்பட்ட அந்த ஒரு வாரம் வாசகர்கள் அதை யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருநெல்வேலி.