மணல் தொட்டிக்கு கை கொடுத்த எங்க தெருக்காரங்களுக்கு

திருவானைக்கோவில்ல எங்க தெருவுல இருக்குற எல்லாருக்கும் வணக்கம். என் ரெண்டு வாலுங்களுக்கு (பெரியவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு ரெண்டரை) கொல்லைல மணல் தொட்டி கட்டுறேன்னு ஆரம்பிச்சு மாசக்கணக்கா உங்க உயிர வாங்கினேன்ல, ஒரு வழியா அது முடிஞ்சிருச்சு.

ஆணி அடிக்க சொன்னா விரல்ல அடிச்சுக்குற ஆளு நான். குழி தோண்டி மணல கொட்டுனா வேலை முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். தோண்டி, சுத்தி பேக்கிங் பெட்டி பலகைய நட்டு வச்சேன், மணல் வர்றதுக்குள்ள ஐப்பசி மழை வந்துருச்சு, ரெண்டே நாள்ல குழி குளமாகி தவளை குடியேறி, மழை விட்டதும் பலகை பூரா கரையான். அந்த கோலத்த பாத்து சிரிக்காம, சரி சிரிச்சீங்க, ஆனா சிரிச்சுட்டு கொல்லைக்குள்ள வந்து நின்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த மடல்.

மூணாவது வீட்டு கொத்தனார் அண்ணனுக்கு முதல் நன்றி. ஞாயித்துக்கெழமை ரெஸ்ட்ட விட்டுட்டு வந்து, "தம்பி, மூலை எல்லாம் ஓடுதே"ன்னு கயித்த கட்டி ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து, குறுக்க 5 அடி வந்தாதான் மூலை சரின்னு காட்டினாரு. பத்தாவதுல பிதாகரஸ் தேற்றத்த மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனவன் நான், அது இதுக்குத்தான்னு இப்பதான் தெரியுது! அடியில சிமெண்ட் போட்டா தண்ணி இறங்காதுன்னு தடுத்தவரும் அவர்தான். 3 இஞ்ச் ஜல்லி, அதுக்கு மேல அரிசி சாக்க பிரிச்சு விரிச்சு அங்கங்க ஓட்டை, சுத்தி செங்கல், மேல் விளிம்பு கூரா இல்லாம உருண்ட பூச்சு. நான் உரச்சாக்க எடுத்தப்ப கைல இருந்து புடுங்கி எறிஞ்சாரு, புள்ளைங்க வெளையாடுற எடத்துல யூரியா சாக்கான்னு. கூலி வாங்கல, ரெண்டு டீ மட்டும்.

அடுத்து மணல். எம் சாண்ட் போடலாம்னு நெனச்சு குழந்தைங்க டாக்டரம்மாகிட்ட சும்மா சொல்லி வச்சேன், நல்லா வாங்கி கட்டிகிட்டேன். அது கல்ல ஒடைச்சு எடுக்குறது, குத்தும், தூசி மூச்சுல போகும். ஆத்து மணல் தண்ணில உருண்டு உருண்டு கூர் மழுங்கி இருக்கும். சரி காவிரி பக்கத்துலதான ஓடுது, பைக்ல ரெண்டு மூட்டைன்னு இழுத்தேன், எதிர் வீட்டு தாத்தா பாத்த பார்வை இருக்கே! கேஸ்ல மாட்டாதடான்னு திட்டிட்டு, அவர் மாடி கட்டுனப்ப மிஞ்சுன மணல அள்ளிக்க சொன்னாரு.

5க்கு 6 அடி தொட்டி, 10 இஞ்ச் மணல், கணக்கு போட்டா 25 கன அடி, அதாவது கால் யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்). கேக்க கம்மியா தெரியும், சட்டி சட்டியா சுமந்தா ஒரு டன்னுக்கு மேல. சுமந்த காலேஜ் தம்பிங்களுக்கு பிரியாணி பாக்கி, மறக்கல. சலிச்சதுல ஆணி, பீடி துண்டு, கண்ணாடி சில்லு, ஒரு 50 பைசா. அப்புறம் டிரம்ல போட்டு தண்ணி தெளியுற வரைக்கும் அரிசி களையுற மாதிரி அலசுனது என் மாமியார், அந்த பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

தொட்டிக்கு திறப்பு விழா நடத்துனது தெருப்பூனை, அதுவும் மொத நாள் ராத்திரியே. பூனை கழிவுல புழு முட்டை இருக்கும், மூடி வைங்கன்னு டாக்டரம்மா சொல்லியும் நான்தான் அசால்ட்டா விட்டுட்டேன். மேல் மணல அள்ளி கொட்டிட்டு வேற போட்டோம். தார்ப்பாய் போட்டா உள்ள வேர்த்து நாறும்னு பச்சை வலைய ரெண்டு மடிப்பா தைச்சு ஓரத்துல நாடா கோத்து குடுத்த டெய்லர் அக்காவுக்கு பெரிய நன்றி, இப்ப பூனை சுத்தி வந்து மொறைச்சுட்டு போகுது.

கொத்தனார் அண்ணே, காணோம்னு தேடிட்டு இருந்தீங்களே ரசமட்டம் (அதான், மட்டம் பாக்குற கருவி), நேத்து சின்னவ மணல்ல இருந்து தோண்டி எடுத்தா, புதைச்சதும் அவதான் போல. கழுவி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கங்க, டீ போட சொல்றேன்.