45 நாளா, 180 நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்று இரண்டுக்குள் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் சீர்திருத்தம் என்றாலே எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. லேத் பட்டறை நடத்தும் எனக்கு விகிதத்தைவிடத் தேதிதான் பெரிய பாரம்.

4 லட்சம் ரூபாய்க்கு உதிரிபாகம் செய்து அனுப்புகிறேன் என்று வையுங்கள். வரி 18 சதவீதம், 72,000 ரூபாய். அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும். எனக்குப் பணம் வந்ததா என்று ஜிஎஸ்டி போர்டல் கேட்காது. சரக்கை வாங்கிய நிறுவனமோ அதே 72,000-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்துத் தன் வரியில் கழித்துக்கொள்கிறது, எனக்கு ஒரு ரூபாய்கூடத் தராமலேயே. இப்படி ஒரு பில்லுக்கு 130 நாள் காத்திருந்திருக்கிறேன். ஓவர்டிராஃப்டில் எடுத்து வரி கட்டினேன். அடுத்து 7-ஆம் தேதி பட்டறைப் பையன்களுக்குப் போட வேண்டிய சம்பளம் 16-ஆம் தேதிதான் போட முடிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்துக்கு, எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரி, இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்க அதே சட்டப்படி அமைந்த கவுன்சிலில் மனு போட்டு வட்டி கேட்டால் அந்தக் கம்பெனியிலிருந்து அடுத்த ஆர்டர் வருமா?

அதனால்தான் 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி(எச்) பிரிவைக் கொண்டுவந்தபோது மனதார வரவேற்றேன். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டித் தரும் பணத்தை, தந்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். நான் வாயே திறக்க வேண்டாம், வாங்கியவரின் ஆடிட்டரே ஞாபகப்படுத்துவார். 2024 மார்ச்சில் எனக்குப் பழைய பாக்கியெல்லாம் மளமளவென்று வந்தது. ஆனால் அந்தப் பிடி மார்ச் 31-ஐ ஒட்டி மட்டும்தான் இறுகுகிறது. ஏப்ரலில் மறுபடி பழைய கதை.

ஜிஎஸ்டியிலும் இதைப் போல ஒரு விதி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். ஒரு சட்டம் 45 என்கிறது, இன்னொரு சட்டம் 180 வரை விடுகிறது. பர்ச்சேஸ் மேனேஜர் எதைப் பார்த்து நடப்பார்?

என் கோரிக்கை ஒன்றுதான். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு இந்த 180-ஐ 45 ஆக்க ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். இதில் அரசுக்கு வருவாய் இழப்பு கிடையாது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும்போதே பிடி விழும்.

கெடுவிலிருந்து தப்ப, "பில்லில் உத்யம் நம்பரைப் போடாதீங்க" என்று என்னிடமே ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருக்கிறார். எம்எஸ்எம்இ நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு எண்தான் அது. உத்யம் பதிவு பான் எண்ணோடும் ஜிஎஸ்டி எண்ணோடும் இணைந்திருக்கிறது. பில்லில் போட்டாலும் போடாவிட்டாலும் விற்றவர் யார் என்று அரசின் கணினிக்குத் தெரியும். அப்புறம், ஆர்டரெல்லாம் நடுத்தர நிறுவனங்களுக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. அவர்களையும் அதே 45 நாளுக்குள் கொண்டுவந்துவிடலாம். பணம் வராமல் தவிப்பது அவர்களுக்கும் புதிதல்ல.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர் ஒருவர்