பரம்பரை என்று சொல்லித் தூசியை மறைக்காதீர்கள்

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலையின் பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் கார்டிங் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் உழைத்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். இப்போது காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்குவதில்லை. சொம்பைத் தூக்க மகள் வர வேண்டும். முடக்குவாதம், உடலின் நோயெதிர்ப்பே மூட்டுகளைத் தாக்கும் நோய். ஆலையில் முறையிட்டபோது, "உங்கள் அம்மாவுக்கும் இருந்ததாமே, பரம்பரை நோய்தானே" என்று பேச்சை முடித்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இருந்தது உண்மை. ஆனால் ஒரே மரபணுக்களோடு பிறந்த ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத்தான். எல்லாம் பரம்பரைதான் என்றால் அந்த மற்ற 85 பேர் எப்படித் தப்பினார்கள்?

செவிலியர் படிப்பில் இருக்கும் மகள் ஓர் ஆய்வைத் தேடித் தந்தாள். மலேசியப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்தது. ஜவுளித் தூசியில் வேலை செய்தவர்களுக்கு முடக்குவாத வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 என்ற மரபணுவின் சில வகைகளும் சேர்ந்து அமைந்தவர்களுக்கு, உடல் தன் புரதங்களையே எதிர்த்து உருவாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்படும் வகை நோயின் வாய்ப்பு பன்மடங்கு ஏறியது. சுவீடனில் புகைப்பவர்களிடமும் இதே கூட்டைத்தான் கண்டார்கள். புகை நுரையீரலை ஓயாமல் உறுத்தும்போது அங்குள்ள சில புரதங்கள் உருமாறுகின்றன. அந்த மரபணு வகை உள்ளவரின் நோயெதிர்ப்பு அணுக்கள் அவற்றை அந்நியமென்று எடுத்துக்கொள்கின்றன என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரியலாம், தேடுவோர் இருந்தால்.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இருக்கிறது. மூட்டைப் பற்றி எங்களை யாரும் கேட்டதே இல்லை. ஆண்டுப் பரிசோதனையில் மூட்டு வலி, காலை நேர விறைப்பு பற்றிய கேள்விகளைச் சேருங்கள். அறிகுறி உள்ளவருக்கு அந்த எதிர்ப்பொருளைக் கண்டறியும் ஆன்டி-சி.சி.பி. இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டுகளைப் பெரும்பாலும் காக்க முடியும். மரபணுவைச் சோதித்து ஆளைக் கழித்துக்கட்ட மட்டும் எந்த ஆலைக்கும் இடம் தராதீர்கள். மாற்ற முடிவது எங்கள் பிறப்பை அல்ல, கூடத்தின் காற்றை.

என் அக்கா மகள் அடுத்த மாதம் அதே கார்டிங் பிரிவில் சேர்கிறாள். அவளும் எங்கள் அம்மாவின் பேத்திதான். அதற்குள் அங்கே தூசியை அளக்க ஓர் அதிகாரியை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பஞ்சாலைத் தொழிலாளி